பாய்மேல் பயிலும் பாடம்: பிலாட்டீஸ்

மாணவர்களிடையே உடம்பைப் பற்றிய பேச்சு இரண்டு சமயங்களில்தான் எழுகிறது. ஒன்று, காய்ச்சல் வந்து படுத்திருக்கும்போது. மற்றொன்று, புத்தாண்டு பிறந்த முதல் வாரத்தில். முன்னதில் மருந்தைத் தேடுகிறோம். பின்னதில் பளு தூக்கும் கூடத்திற்குப் பணம் கட்டுகிறோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் உடம்பு என்ன செய்கிறது? உட்கார்ந்திருக்கிறது. வகுப்பில் உட்காருகிறது, நூலகத்தில் உட்காருகிறது, விடுதி அறைக்குத் திரும்பிக் கட்டிலின் மேல் கூனிக்கொண்டு கணிப்பொறியின் முன் நள்ளிரவு வரை உட்காருகிறது. ஆராய்ச்சி மாணவரின் நிலையோ சொல்ல வேண்டுவதில்லை. ஆய்வேடு முடியும்போது பட்டம் கையிலும் வலி இடுப்பிலும் வந்து சேருவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

இந்த முதுகுக்கும் இடுப்புக்கும் வேலை கொடுத்து அவற்றைப் பண்படுத்தும் பயிற்சி முறை ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன். அதற்குப் பிலாட்டீஸ் என்று பெயர். எழுத்தைப் பார்த்து இதனைப் 'பைலேட்ஸ்' என்று சிலர் படிக்கின்றனர். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர், 'பிலாட்டீஸ்' என்றே வழங்குவது. இப்பெயரைக் கேட்டதும் பலர் மனத்தில் எழும் காட்சி, கண்ணாடிச் சுவர் பதித்த கூடமும் விலையுயர்ந்த யந்திரங்களும் சினிமா நட்சத்திரங்களுமே. "நமக்கெதற்கு அது? உதவித்தொகை வரும் மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுதி நண்பர்கள் சிலர் என்னிடம் நகைத்ததுண்டு. ஆனால், இம்முறையின் வரலாற்றைப் படித்தவர்கள் அப்படி நகைக்க மாட்டார்கள். இது செல்வர் மாளிகையில் தோன்றிய கலை அன்று. கைதிகளிடையே, தரையில், கையில் ஒன்றுமில்லாதவர்களுக்காக உருப்பெற்ற கலை. நம் விடுதித் தரை அதற்குப் போதுமானது. ஏன், அதுவே அதன் சொந்த இடம் என்றும் கூறலாம்.

தோற்றுவித்தவர்

ஜோசப் ஹூபர்ட்டஸ் பிலாட்டீஸ் என்பவர் 1883-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் ஜெர்மனியில் மென்ஷென்கிளாட்பாக் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் ஆஸ்துமா, எலும்பைப் பாதிக்கும் ரிக்கெட்ஸ், கீல்வாதக் காய்ச்சல் ஆகியவற்றால் வருந்தினார் என்று அவர் வரலாற்றை எழுதுவோர் கூறுவர். நோயாளிப் பிள்ளையாக இருந்தவர் தம் உடம்பைத் தாமே சீர்ப்படுத்த முனைந்து, ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை முதலியவற்றைப் பயின்றார். முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் இங்கிலாந்து சென்றார். 1914-இல் போர் மூண்டது. அந்நாட்டில் இருந்த ஜெர்மானியர் பலர் பகை நாட்டுக் குடிகள் என்று காவலில் வைக்கப்பட்டனர். பிலாட்டீஸும் அவர்களுள் ஒருவர். லங்காஸ்டரிலும், பின்னர் ஐல் ஆப் மான் தீவில் இருந்த நாக்கலோ முகாமிலும் அவர் அடைபட்டிருந்தார். நாக்கலோ சிறியதோர் இடமன்று. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கம்பி வேலிக்குள் காலந்தள்ளிய முகாம் அது.

போர் எப்போது முடியும் என்று தெரியாமல் நாளெல்லாம் சும்மா கிடப்பவனுக்கு உடம்பும் தளரும், மனமும் தளரும். அங்கே பிலாட்டீஸ் உடன் இருந்தவர்களுக்குப் பயிற்சி அளித்தார். படுக்கையை விட்டு எழ இயலாத நோயாளிகளுக்காகக் கட்டில் சுருள்வில்களைக் கழற்றி மாட்டிப் பயிற்சிக் கருவியாக்கினார் என்றொரு கதையும் வழங்குகிறது. இன்று கூடங்களில் காணும் 'ரிபார்மர்' முதலிய யந்திரங்கள் சுருள்வில்லின் இழுவிசையால் இயங்குவதைப் பார்ப்பவர்களுக்கு அக்கதை மறப்பதில்லை.

போருக்குப் பின் ஜெர்மனி திரும்பிய அவர், 1926-இல் அமெரிக்கா சென்று, துணைவி கிளாராவுடன் நியூயார்க் நகரின் எட்டாவது அவென்யூவில் பயிற்சிக் கூடம் ஒன்றை நிறுவினார். அந்நகரத்து நடனக் கலைஞர்கள் அவரை நாடி வரலாயினர். ஜார்ஜ் பாலன்சீன், மார்த்தா கிரஹாம் போன்ற நடன மேதைகளும் அவரை அறிந்திருந்தனர். தம் முறைக்கு அவர் இட்ட பெயர் 'கண்ட்ராலஜி' என்பது. கட்டுப்பாட்டியல் என்று நாம் தமிழில் சொல்லலாம். 1945-இல் வெளிவந்த அவரது நூல் பாயின்மேல் செய்யும் 34 பயிற்சிகளை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அறுபது வயதை ஒட்டிய அந்த மனிதரே அப்படங்களில் அவற்றைச் செய்து காட்டுகிறார். 1967-இல் தம் 83-ஆம் வயதில் அவர் மறைந்தார். அதன் பின்னரே மாணவர்கள் அவர் பெயரையே அம்முறைக்குப் பெயராக உலகெங்கும் பரப்பினர்.

இதன் உட்பொருள் யாது?

தண்டாலும் பஸ்கியும் நமக்குத் தெரியும். யோகாசனமும் தெரியும். பிலாட்டீஸ் இவற்றுக்கு உறவானதே, ஆயினும் வேறானது. தண்டாலில் எத்தனை எடுத்தோம் என்பது பெருமை. ஆசனத்தில் ஒரு நிலையை அடைந்து அதில் நிற்பது பெரும்பாலும் நோக்கம். பிலாட்டீஸில் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு உடம்பு எப்படிச் செல்கிறது என்பதே முழுக் கவனத்துக்கும் உரியது. போகும் வழியே இங்குப் பயிற்சி.

நம் முதுகெலும்பில் தனித்தனியே அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24 உள்ளன: கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. இத்தூணை நிமிர்த்திப் பிடிப்பவை தசைகள். வெளியே தெரியும் பெரிய தசைகளைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். உள்ளே இருந்து உழைப்பவை வேறு. வயிற்றைச் சுற்றி அரைக்கச்சைபோல் அமைந்த குறுக்குத் தசை ஒன்று. முள்ளெலும்புகளை ஒட்டி ஓடும் சிறு தசைகள் சில. மேலே மூச்சை இயக்கும் உதரவிதானம். கீழே இடுப்புக் கூட்டின் அடித்தளத் தசைகள். இந்நான்கும் சேர்ந்து ஒரு பெட்டியின் மூடி, அடி, சுவர்கள்போல் நடுவுடலை அமைக்கின்றன. கையையோ காலையோ அசைக்கு முன் இந்தப் பெட்டி உறுதியாக வேண்டும். அசையும் உறுப்பைப் பார்ப்பதைவிட, அசையாமல் நிற்க வேண்டிய நடுவைப் பார்ப்பதே பிலாட்டீஸின் அடிப்படை. பிலாட்டீஸின் முறையைத் தொகுத்தெழுதியவர்கள் அதனை ஆறு சொற்களில் அடக்கினர்: மனஒருமை, கட்டுப்பாடு, நடுநிலைப்படுத்தல், துல்லியம், மூச்சு, ஓட்டம். ஆறையும் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. மெதுவாகச் செய்தால் ஆறும் தாமே வந்து சேரும்.

வேண்டுவன

ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள இடம் வேண்டும். விடுதி அறையில் இரு கட்டில்களுக்கு இடையே இது கிடைக்கும். கிடைக்காவிட்டால் நாற்காலியைத் தாழ்வாரத்தில் வைத்துவிடலாம். கட்டிலின் மேல் செய்வது கூடாது. மெத்தை அமுங்குவதால் முதுகு எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

கீழே விரிப்பது சற்றுக் கனமாக இருக்க வேண்டும். முதுகெலும்பு தரையில் உருளும் பயிற்சிகள் இதில் உண்டு. யோகத்துக்கு விற்கும் மெல்லிய பாயைவிடத் தடித்தது நலம். புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. ஜமக்காளத்தை இரண்டாக மடித்து, அதன்மேல் ஒரு கம்பளியை விரித்தால் போதும். வடநாட்டில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் சிமெண்டுத் தரை பனிக்கட்டியாகிவிடும். அப்போது கம்பளி இரண்டாக வேண்டும். வெறுங்காலுடன் செய்யலாம். கோரைப்பாய் வழுக்கும், அதைத் தனியே பயன்படுத்தாதிருப்பது நல்லது. துண்டு ஒன்றை மடித்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கோ இடுப்புக்கோ அது உதவும்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காலையில் எழுந்தவுடன் உடம்பு விறைத்திருக்கும். சிறிது நடந்து, கைகால்களை அசைத்த பின் தொடங்குக.

முதற்பாடம்: படுத்தலும் மூச்சும்

படுப்பதற்குக்கூடப் பாடமா என்று கேட்கலாம். ஆம், இதுவே முதற்பாடம், இதைத் தாண்டி ஓடுகிறவர்களே பின்னர்ப் பிடரி வலியுடன் திரும்புகிறார்கள்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். பாதங்கள் தரையில், இடுப்பின் அகலத்துக்கு விலகி, ஒன்றுக்கொன்று இணையாக இருக்கட்டும். இப்போது இடுப்பை மெல்லப் பின்புறம் சாய்த்து, இடுப்பின் வளைவு தரையில் முழுதும் படியுமாறு செய்யுங்கள். பிறகு எதிர்ப்புறம் சாய்த்து, இடுப்புக்கடியில் இடைவெளி பெரிதாகுமாறு செய்யுங்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் இடுப்பு இளைப்பாறும். விரல் நுனிகள் மட்டும் நுழையும் அளவுக்கு இடுப்புக்கடியில் இடைவெளி இருக்கும். அதுவே முதுகின் இயல்பு நிலை. பிலாட்டீஸ் தம் நூலில் முதுகைத் தரையோடு தரையாகப் படியவைக்கவே சொன்னார். இக்காலத்து ஆசிரியர்களிற் பலர் இந்த இயல்பு நிலையிலிருந்து தொடங்கக் கற்பிக்கின்றனர்.

அடுத்து மூச்சு. மூக்கால் உள்ளிழுங்கள். வயிற்றை உப்பச் செய்யாமல் விலா எலும்புகள் இருபுறமும் விரியுமாறு இழுக்க வேண்டும். உள்ளங்கைகளை விலாவின்மேல் வைத்துப் பார்த்தால் விரிவு தெரியும். பிறகு வாயால் மெல்ல ஊதி வெளிவிடுங்கள். வெளிவிடும்போது தொப்புளுக்குக் கீழுள்ள பகுதி தானே சற்று உள்ளடங்கும். அதற்குத் துணை செய்தால் போதும். வயிற்றை முதுகோடு ஒட்டும்படி எக்குவது தவறு. இடுப்பெலும்பின் முன் முனைகளுக்குச் சற்று உட்புறமாக இரு விரல்களை வைத்து இருமிப் பாருங்கள்; விரலடியில் இறுகுவதுதான் நாம் தேடும் தசை. அதில் நான்கில் ஒரு பங்கு இறுக்கமே நமக்கு வேண்டுவது. அந்த இறுக்கத்துடன் ஒரு வாக்கியம் இயல்பாகப் பேச முடிந்தால் அளவு சரி என்று அறிக.

முதல் இரண்டு மூன்று நாட்கள் இதை மட்டும் பத்து நிமிடம் பழகினாலும் நஷ்டமில்லை.

தொடக்கத்திற்கு ஏழு பயிற்சிகள்

பிலாட்டீஸின் 34 பயிற்சிகளில் பல, தேர்ந்தவர்களுக்கே உரியவை. புதியவர்கள் அவற்றை எளிதாக்கிச் செய்ய வேண்டும். நான் பழகிய வரிசை இது. மூச்சை வெளிவிடும்போது கடினமான அசைவு, உள்ளிழுக்கும்போது எளிய அசைவு என்பதைப் பொது விதியாகக் கொள்ளலாம். மாறுபடும் இடங்களை ஆங்காங்கே கூறுகிறேன்.

1. பாலம். மேற்சொன்ன நிலையில் படுத்து, மூச்சை வெளிவிட்டுக்கொண்டே வால் எலும்பை முதலில் சுருட்டித் தூக்குங்கள். பிறகு இடுப்பு, நடுமுதுகு என்று முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து பிரியுங்கள். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே சரிவாக வந்ததும் நின்று, மூச்சை உள்ளிழுத்து, மீண்டும் வெளிவிடும்போது மேலிருந்து கீழாக ஒவ்வோர் எலும்பாக இறக்குங்கள். ஊசிநூலில் கோத்த மணிகள் ஒவ்வொன்றாக மேசைமேல் படிவதுபோல் இருக்க வேண்டும். 6 முறை.

2. நூறு. பிலாட்டீஸின் வரிசையில் இதுவே முதலாவது. முறைப்படி செய்பவர்கள் தலையையும் தோளையும் தூக்கி, கால்களை நீட்டி உயர்த்திச் செய்வர். நாம் தலையையும் பாதங்களையும் தரையிலேயே வைத்துக்கொள்வோம். கைகளை உடம்பின் இருபுறமும் நீட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, தண்ணீரைத் தட்டுவதுபோல் சிறிதாக மேலும் கீழும் அசையுங்கள். 5 அசைவுக்கு மூச்சை உள்ளிழுத்து, 5 அசைவுக்கு வெளிவிட வேண்டும். இப்படிப் பத்து மூச்சுக்கு நூறு அசைவு. பெயர்க்காரணம் இதுவே. இரண்டாம் வாரத்தில் கால் ஒன்றை மட்டும், பின்னர் இரண்டையும், முழங்கால் செங்கோணமாக மடங்கிய நிலையில் உயர்த்தலாம். தலையைத் தூக்குவது கடைசியில்தான்.

3. ஒற்றைக் கால் நீட்டல். ஒரு முழங்காலை இரு கைகளாலும் மார்புப் பக்கம் பிடித்துக்கொண்டு, மற்றொரு காலை மேல்நோக்கிச் சாய்வாக நீட்டுங்கள். பிறகு கால்களை மாற்றுங்கள். நீட்டிய கால் தாழத் தாழப் பயிற்சி கடினமாகும். இடுப்பு தரையை விட்டு வளைந்து எழும் இடம் வரும். அதற்கு ஒரு சாண் மேலேயே நில்லுங்கள். அதுவே உங்கள் இன்றைய எல்லை. பக்கத்துக்கு 6 முறை.

4. பாதி உருளல். முழங்காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்து, தொடைகளின் பின்புறத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை வெளிவிட்டு, இடுப்பைச் சுருட்டி, முதுகு 'ட' ஆகாமல் வில்லாக வளையுமாறு பின்னே சாயுங்கள். கைகள் நேராகும் வரை சென்று, அங்கு மூச்சை உள்ளிழுத்து, வெளிவிட்டுக்கொண்டே திரும்புங்கள். நூலில் உள்ள முழு உருளல் படுத்த நிலையிலிருந்து எழுந்து கால்விரலைத் தொடுவது. அதற்கு இதுவே படிக்கட்டு. 6 முறை.

5. பக்கவாட்டு உதை. ஒருக்களித்துப் படுத்து, தலையைக் கீழ்க்கையின்மேல் வைத்து, கால்களைச் சற்று முன்னே கொண்டுவந்து நிறுத்துங்கள். மேற்காலை இடுப்பின் உயரத்துக்கு எழுப்பி, முன்னே இருமுறை உதைத்து, பின்னே ஒருமுறை நீட்டுங்கள். கால் ஆடும், உடம்பு ஆடக்கூடாது. தோளின்மேல் ஒரு கோப்பைத் தேநீர் இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். பக்கத்துக்கு 8 முறை.

6. நீச்சல். கவிழ்ந்து படுத்து, நெற்றியைத் தரையில் வைத்து, கைகளை முன்னே நீட்டுங்கள். மூச்சை வெளிவிட்டு, வலக்கையையும் இடக்காலையும் நான்கு விரற்கடை உயர்த்தி இறக்குங்கள்; பின்பு மாற்றிச் செய்யுங்கள். உயர்த்துவதைவிட நீட்டுவதில் கருத்து வேண்டும். வயிறு தளர்ந்து இடுப்பு அமுங்கினால் உயரத்தைக் குறையுங்கள். பக்கத்துக்கு 6 முறை. நாளெல்லாம் முன்னே குனிந்து படிப்பவர்களுக்கு இது மிகவும் வேண்டிய பயிற்சி.

7. முதுகு நீட்டல். கால்களைத் தோளகலத்துக்கு விரித்து நீட்டி உட்காருங்கள். தொடையின் பின்தசை இறுகி முதுகு கூனினால், மடித்த துண்டின்மேல் அமர்ந்து முழங்காலைச் சற்றே மடக்குங்கள். நிமிர்ந்து மூச்சை இழுத்து, வெளிவிடும்போது தலை, கழுத்து, மார்பு என்று வரிசையாக முன்னே வளையுங்கள். கால்விரலைத் தொடுவது நோக்கமன்று. திரும்பும்போது கீழிருந்து மேலாக முதுகை அடுக்கி நிமிருங்கள். 5 முறை.

இவை அனைத்தும் அவசரமின்றிச் செய்தால் இருபது நிமிடத்தில் முடியும்.

புதியவர்கள் இடறும் இடங்கள்

முதலாவது, மூச்சைப் பிடித்துக்கொள்வது. கடினமாக இருக்கும்போது நாம் அறியாமலே மூச்சு நின்றுவிடும். உரக்க எண்ணினால் மூச்சு நிற்காது. இரண்டாவது, கழுத்தால் இழுப்பது. தலையைத் தூக்கும் பயிற்சிகளில் வயிறு செய்ய வேண்டிய வேலையைக் கழுத்து செய்கிறது. வலித்தால் உடனே தலையை இறக்கிவிட வேண்டும். மூன்றாவது, தோள் காதுக்கு ஏறுவது. கணிப்பொறியின் முன் அமர்வோர் அனைவருக்கும் இப்பழக்கம் உண்டு. நான்காவதும் பெரியதும் அவசரம். வேகமாகச் செய்தால் எளிதாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் தசை செய்ய வேண்டியதை வேகம் செய்துவிடுகிறது. பாதி உருளலை எட்டு எண்ணும் நேரத்தில் செய்து பாருங்கள், வயிறு நடுங்கும். அந்த நடுக்கம் நல்லது. ஆனால், மூட்டில் குத்துவதும், காலில் மின்னல்போல் இறங்குவதும் நல்லவை அல்ல. அவை நிறுத்தச் சொல்லும் மணி.

வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஒரு மாதம் தொடருங்கள். முதல் வாரத்தில் முதல் நான்கு பயிற்சிகள் போதும். எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, அதே எண்ணிக்கையை இன்னும் சுத்தமாகச் செய்வதே இதில் முன்னேற்றம். உருண்டு ஆடும் பந்துப் பயிற்சி, கால்களைத் தலைக்கு மேல் கொண்டுசெல்லும் பயிற்சி ஆகியவற்றை, அறிந்த ஒருவர் அருகில் இருந்து காட்டும் வரை தொடாமலிருப்பதே நல்லது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நம் முதுகு அம்மியைவிட எளிதில் இசையக்கூடியதே.

எதைத் தரும், எதைத் தராது

இதைப் பற்றிய விளம்பரங்கள் பலவற்றைச் சொல்லும். ஆராய்ச்சி சொல்வதையே நாம் கேட்போம். நாட்பட்ட இடுப்புவலிக்குப் பிலாட்டீஸ் உதவுமா என்று 10 ஆய்வுகளையும் அவற்றில் பங்குகொண்ட 510 பேரையும் எடுத்துக்கொண்டு, காக்ரேன் நிறுவனத்தின் தொகுப்பாய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. ஒன்றும் செய்யாதிருப்பதைவிடவும் பெயரளவில் ஏதோ செய்வதைவிடவும் இது வலியைக் குறைக்கிறது என்பது அதன் முடிவு. சான்றுகளின் தரம் குறைவு முதல் நடுத்தரம் வரை என்றும் அதுவே கூறுகிறது. பிற உடற்பயிற்சிகளைவிட இது மேலானது என்பதற்கு உறுதியான சான்று அதற்குக் கிடைக்கவில்லை. ஆகவே யோகாசனமோ நீச்சலோ ஒழுங்காகச் செய்துவருபவர் அதனை விட்டு இதற்கு ஓடிவர வேண்டியதில்லை. ஒன்றும் செய்யாதிருப்பவருக்கே இந்த அழைப்பு.

உடல் எடையைக் குறைக்க இதனை நம்புவோர் ஏமாறுவர். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டிய உழைப்பும் பாய்மேல் முழுதும் கிடைப்பதில்லை. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும். அதனுடன் வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது. பிலாட்டீஸ் இவற்றுள் இரண்டாவதற்குத் துணை. முதலாவதற்கு விடுதியிலிருந்து வகுப்புக்கு வேகமாக நடந்து செல்லுங்கள்.

சிலர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கலாகாது. முதுகெலும்பு வட்டு பிதுங்கியவர், காலில் மரத்துப்போதலும் வலியிறக்கமும் உள்ளவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், கருவுற்ற மகளிர் ஆகியோர் அவர்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ இதைச் சொல்லிக்கொடுக்க எண்ணினால், எலும்புத் தேய்வு உள்ளவர்களுக்கு முதுகை முன்னே வளைக்கும் பயிற்சிகள் தீங்கு செய்யும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சிறுநீரை அடக்க முடியாமல் போவதோ, கால் வலுவிழப்பதோ முதுகுவலியுடன் சேர்ந்து வந்தால், பாயை மடித்து வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆசிரியர் வேண்டுமா?

வேண்டும், ஆனால் நாள்தோறும் வேண்டும் என்பதில்லை. நம் முதுகை நாம் பார்க்க முடியாது. பிறர் கண் ஒன்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பெரு நகரங்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஓரிரு வகுப்புகளுக்குச் சென்று, அடிப்படைகளைத் திருத்திக்கொண்டு, பின்னர் அறையில் பழகலாம். ஆசிரியரைத் தேர்வதில் எச்சரிக்கை வேண்டும். 'பிலாட்டீஸ்' என்னும் பெயர் தனியொருவரின் வணிகச் சின்னமாக இருக்க இயலாது என்று நியூயார்க் நீதிமன்றம் ஒன்று 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பளித்தது. பெயர் பொதுவானதால் கலை பரவியது. அதே காரணத்தால், பெயர்ப்பலகையைக் கொண்டு மட்டும் ஆசிரியரின் தகுதியை அறியவும் முடியாது. எங்கு, எவ்வளவு காலம் பயின்றார் என்று கேளுங்கள். முதல் நாளே உங்கள் பழைய வலிகளை விசாரிக்கிறாரா என்று பாருங்கள். விசாரிக்காமல் யந்திரத்தில் ஏற்றுபவரிடமிருந்து விலகிவிடலாம்.

ஆசிரியருக்கும் வசதியில்லையெனில் இருவராகப் பழகுங்கள். ஒருவர் செய்ய மற்றவர் இந்தக் கட்டுரையில் சொன்ன குற்றங்களைத் தேடட்டும். நம் சங்கத்தில் வாரம் ஒருமுறை கூடுகிறோம். கூட்டம் தொடங்குமுன் இருபது நிமிடம் இதற்கு ஒதுக்கினால் சொற்பொழிவைக் கேட்பவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

நாம் கற்கும் கல்வி பல ஆண்டு உழைப்பால் வருவது. அதைத் தாங்கப்போவது இந்த 24 சிறு எலும்புகளும் அவற்றைப் பற்றி நிற்கும் தசைகளுமே. சுவர் இருந்தால்தான் சித்திரம். கம்பி வேலிக்குள் அடைபட்ட ஒருவர் தமக்கிருந்த தரையைக் கொண்டு தொடங்கிய கலை இது. நமக்குத் தரையும் இருக்கிறது, விடுதலையும் இருக்கிறது. இன்று மாலை ஜமக்காளத்தை விரித்து, முழங்காலை மடக்கிப் படுத்து, பத்து முறை மூச்சு விடுங்கள். தொடக்கத்திற்கு அது போதும்.